எழுத்துக் கோத்தது எந்த ஊரில்?

பன்னாட்டுப் பதிப்புரிமைக்காகப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் நடந்த போராட்டம் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது ஒரே காட்சி. 1842இல் சார்லஸ் டிக்கன்ஸ் அமெரிக்கா போனார், எழுத்தாளனுக்கு உரியதைக் கொடுங்கள் என்று விருந்து மேடைகளில் கேட்டார், அங்குள்ள பத்திரிகைகள் அவரைக் கிழித்துத் தொங்கவிட்டன. நடந்தது உண்மைதான். ஆனால் அமெரிக்கச் சட்டம் மாறியது 1891இல், அதாவது 49 ஆண்டுகள் கழித்து. அதற்குள் டிக்கன்ஸ் இறந்தே இருபது ஆண்டுகள் தாண்டிவிட்டன. இடைப்பட்ட காலத்தைக் கொஞ்சம் கிளறிப் பார்த்தால், எழுத்தாளனின் நியாயம் எந்தக் கட்டத்திலும் எதையும் முடிவு செய்யவில்லை என்பது தெரியும். முடிவு செய்தது அச்சகத்துக் கணக்கு: அச்சுக்காக ஈய எழுத்துகளை அடுக்கி யார் கோக்கிறார்கள், எந்த ஊரில், எந்தத் தேதியில்.

முதலில் ஒரு சொல்லைச் சரிசெய்துகொள்வோம். தங்கள் நூல்களை அமெரிக்கப் பதிப்பாளர்கள் கேட்காமலே மறு அச்சுப் போட்டதை அன்றைய ஆங்கில எழுத்தாளர்கள் கடற்கொள்ளை என்றே திட்டினார்கள். சட்டப்படி அது கொள்ளையே அல்ல. பிரிட்டனின் 1710ஆம் ஆண்டுச் சட்டம் 14 ஆண்டு உரிமை கொடுத்தது. அது முடியும்போது ஆசிரியர் உயிரோடிருந்தால் இன்னொரு 14. அமெரிக்கா 1790இல் போட்ட முதல் சட்டம் அதே கணக்கை எடுத்துக்கொண்டு, தன் குடிமக்களுக்கும் அங்கேயே வசிப்பவர்களுக்கும் மட்டும் கொடுத்தது. அதோடு நிற்கவில்லை. அயலார் வெளிநாட்டில் எழுதி வெளியிட்டதை இங்கே இறக்குமதி செய்யவும், மறுபடி அச்சிடவும், விற்கவும் இந்தச் சட்டம் தடையாகாது என்று ஐந்தாம் பிரிவில் பச்சையாகவே எழுதி வைத்தது. தெரியாமல் விட்ட ஓட்டை அல்ல, தெரிந்தே திறந்து வைத்த கதவு. 1831இல் காலம் 28 ஆண்டும் அதன்மேல் 14 ஆண்டுமாக நீண்டது. கதவு அப்படியே இருந்தது.

ஏன் திறந்து வைத்தார்கள் என்பதற்கு விடை புத்தகத்தின் விலையில் இருக்கிறது. 1821 முதல் லண்டனில் ஒரு புது நாவல் என்றால் மூன்று பாகம், விலை 31 ஷில்லிங் 6 பென்ஸ். சாதாரண மனிதர் வாங்கும் விலையல்ல. வாங்கியவை வாடகை நூலகங்கள். வாசகர்கள் சந்தா கட்டி இரவல் எடுத்துப் படித்தார்கள். குறைந்த படிகள், கொழுத்த விலை, நிச்சயமான கொள்முதல் என்பது லண்டன் வியாபாரம். அமெரிக்காவில் பண்ணைகளிலும் சிற்றூர்களிலும் சிதறிக் கிடந்த வாசகர்களை அப்படி ஒரு நூலக வலையால் பிடிக்க முடியாது. அங்கே புத்தகத்தை விற்றால்தான் உண்டு, மலிவாக இருந்தால்தான் விற்கும். அதே மூன்று பாகத்தை நெருக்கி அடித்து ஒரே தொகுதியாக்கி, நாலில் ஒரு பங்குக்கும் குறைவான விலைக்கு ஆயிரக்கணக்கில் தள்ளுவது அவர்கள் வழி. எனவே பன்னாட்டுப் பதிப்புரிமை வேண்டும் என்ற பேச்சு எழும்போதெல்லாம், லண்டன்காரன் விலையை நம் தலையில் கட்டப் பார்க்கிறார்கள் என்றுதான் அது அங்கே கேட்டது. அந்த அச்சம் முழுக்கப் பொய் என்று சொல்லிவிட முடியாது. பொருளியல் அறிஞர் ஹென்றி கேரி 1853இல் பன்னாட்டுப் பதிப்புரிமைக்கு எதிராகக் கடிதங்களாகவே ஒரு நூல் எழுதினார். அவர் முன்பு பிலடெல்ஃபியாவில் ஆங்கில நாவல்களை மறு அச்சுப் போட்ட பதிப்பகத்தின் பங்காளி என்பதையும் சேர்த்தே நினைவில் கொள்ள வேண்டும்.

மறு அச்சுத் தொழில் நடந்த விதம் ஓர் ஓட்டப் பந்தயம். உரிமை யாருக்கும் இல்லை என்றால் முதலில் கடைக்குக் கொண்டுவருபவனுக்குத்தான் லாபம்; இரண்டாவதாக வருபவன் விலையைக் குறைத்தே ஆக வேண்டும். லண்டனில் புத்தகம் வெளிவரும்வரை காத்திருந்தால் எல்லோருக்கும் ஒரே நாளில் ஒரே கப்பலில் படி வந்து சேரும். அதனால் புத்திசாலிகள் லண்டன் பதிப்பாளருக்கோ ஆசிரியருக்கோ பணம் கொடுத்து, அச்சான ஃபாரங்களை, அதாவது பல பக்கங்கள் சேர்ந்த தாள்களை, வெளியீட்டுக்கு முன்பே வாங்கினார்கள். நூலை முழுதாகக் கட்டும்வரைகூடக் காத்திருக்காமல் ஃபாரம் ஃபாரமாகக் கப்பலேற்றினார்கள். ஒரே கப்பலில் எல்லாவற்றையும் அனுப்புவது ஆபத்து; கப்பல் தாமதமானால் முழுப் பணமும் போயிற்று. ஆகவே நகல்களைப் பிரித்து வெவ்வேறு கப்பல்களில் அனுப்புவது வழக்கமாயிற்று. துறைமுகத்தில் கட்டு இறங்கியதும் தாள்களைப் பிரித்துப் பல அச்சகங்களுக்கு, எழுத்துக் கோக்கும் பல கம்பாசிட்டர்களுக்குப் பங்கு போட்டு இரவு பகலாகக் கோப்பார்கள். வால்ட்டர் ஸ்காட்டின் 1823ஆம் ஆண்டு நாவல் ஒன்று பிலடெல்ஃபியாவில் கேரி நிறுவனத்தின் கையில் கிடைத்த 28 மணி நேரத்தில் 1,500 படிகள் அனுப்பத் தயாராகிவிட்டன. இந்த அவசரத்தின் விலை வாசகன் தலையில்தான் விழுந்தது. பத்து பேர் பங்கு போட்டுக் கோத்த நூலில் எழுத்துப் பிழைகள் மலிந்திருக்கும். முன்கூட்டி வந்தவை திருத்தம் முடியாத சோதனை அச்சான புரூஃப் என்றால், ஆசிரியர் கடைசி நேரத்தில் மாற்றிய வரிகள் அமெரிக்கப் பதிப்பில் பழையபடியே நிற்கும்.

இந்தப் பந்தயம் நீடித்தால் எல்லோரும் அழிந்துபோவோம் என்று பெரிய பதிப்பகங்களுக்குச் சீக்கிரமே புரிந்துவிட்டது. அதற்கு அவர்கள் கண்ட மாற்றுதான் 'தொழில் மரியாதை' என்ற எழுதாத விதி. ஓர் ஆங்கில நூலை அச்சிடப் போகிறேன் என்று முதலில் பத்திரிகையில் அறிவித்தவருக்கே அந்த நூல். ஓர் ஆசிரியரின் முந்தைய நூல்களைப் போட்டவருக்கே அவருடைய அடுத்த நூலிலும் முதல் பாத்தியதை. முன்கூட்டித் தாள் வாங்கப் பணம் கொடுத்தவரை மற்றவர்கள் சீண்டக் கூடாது. மீறினால் வழக்கு இல்லை, தண்டனை உண்டு. மீறியவனின் நூலையே தானும் அச்சிட்டு, அடக்க விலைக்கும் கீழே விற்று அவன் பதிப்பை மண்ணாக்குவார்கள். நியூயார்க்கின் ஹார்ப்பர் சகோதரர்களும் பிலடெல்ஃபியாவின் கேரியும் இப்படி மோதிக்கொண்டது உண்டு. சட்டமே இல்லாத இடத்தில் வியாபாரிகள் தங்களுக்குள் கட்டிக்கொண்ட பதிப்புரிமை இது. ஆசிரியருக்கும் இதில் பங்கு கிடைத்தது. 1860-61இல் வெளிவந்த டிக்கன்ஸின் நாவல் ஒன்றின் முன்தாள்களுக்கு ஹார்ப்பர் 1,250 பவுண்டு கொடுத்தார்கள். கொள்ளை என்று கூச்சலிட்டவருக்கே அவ்வளவு தொகை! ஆனால் இது நட்சத்திரங்களுக்கு மட்டும் கிடைத்த மரியாதை. முன்தாளுக்குப் பந்தயம் ஏற்படாத நடுத்தர எழுத்தாளருக்குக் காலணா வராது. புத்தகம் அங்கே வந்ததுகூடத் தெரிந்திருக்காது.

சட்ட முயற்சிகளை வேகமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் எல்லாம் ஒரே மாதிரி தோற்றன. 1837 பிப்ரவரியில் 56 பிரிட்டிஷ் எழுத்தாளர்கள் கையெழுத்திட்ட விண்ணப்பத்தைச் செனட்டர் ஹென்றி கிளே அமெரிக்க காங்கிரஸில் வைத்தார். அதற்குக் கையெழுத்துச் சேர்க்க முன்னின்று உழைத்தவர் ஆங்கில எழுத்தாளர் ஹாரியட் மார்ட்டினோ. கிளே கொண்டுவந்த மசோதா நிறைவேறவில்லை; பிறகு திரும்பத் திரும்பக் கொண்டுவந்தும் பயனில்லை. 1853இல் இரு நாடுகளுக்கிடையே ஓர் ஒப்பந்தம் கையெழுத்தாகிச் செனட் வாசல்வரை போய் அங்கேயே படுத்துவிட்டது. ஒவ்வொரு முறையும் எதிர் மனுக்கள் வந்தன: காகித ஆலைக்காரர், அச்செழுத்து வார்ப்பவர், பைண்டிங் செய்பவர், அச்சுக் கோப்பவர். வெளிநாட்டு எழுத்தாளனுக்கு வாஷிங்டனில் ஓட்டு கிடையாது, இவர்களுக்கு உண்டு. டிக்கன்ஸின் மேடைப் பேச்சு உண்மையில் காரியத்தைக் கெடுத்தது என்பது என் எண்ணம். நாட்டு நன்மை குறித்த விவாதமாக இருந்ததை, விருந்தாளியாக வந்த பணக்கார எழுத்தாளரின் சொந்த வரவு செலவாக்கிக் காட்ட அது எதிரிகளுக்கு வழி செய்துகொடுத்தது.

கதையின் மறுபாதியைப் பலர் சொல்வதில்லை. பிரிட்டிஷ் பதிப்பாளர்களும் அமெரிக்க நூல்களை அதே சுறுசுறுப்போடு அச்சிட்டார்கள். அடிமை முறையை எதிர்த்து ஹாரியட் பீச்சர் ஸ்டோவ் எழுதிய நாவல் 1852இல் நூலாக வந்தபோது, ஓராண்டுக்குள் பிரிட்டனில் விற்ற படிகள் பத்து லட்சத்தைத் தாண்டின. பெரும்பாலானவை அனுமதியில்லாப் பதிப்புகள். அதே நாவலுக்கு அவருடைய சொந்த நாட்டிலேயே இன்னொரு அடி விழுந்தது. பிலடெல்ஃபியாவில் எஃப். டபிள்யூ. தாமஸ் என்பவர் அதை ஜெர்மனில் மொழிபெயர்த்துத் தன் பத்திரிகையில் வெளியிட்டார். ஸ்டோவ் வழக்குத் தொடுத்தார். 1853இல் நீதிபதி கிரியர் தீர்ப்புச் சொன்னார்: மொழிபெயர்ப்பு என்பது அந்த நூலின் படியே அல்ல, ஆகவே உரிமை மீறல் இல்லை. 1870இல் சட்டத்தைத் திருத்தி, மொழிபெயர்ப்பு உரிமையை ஆசிரியர் தனக்கென ஒதுக்கிக்கொள்ளலாம் என்று எழுதும்வரை இந்த நிலைதான்.

பிரிட்டனில் அயலாருக்கு உரிமை உண்டா என்ற கேள்வியை முடித்துவைத்தது ஒரு நாவல் வழக்கு அல்ல, இசை வழக்கு. இத்தாலிய இசையமைப்பாளர் பெல்லினியின் ஓபரா ஒன்றின் உரிமை மிலான் வழியாகக் கைமாறி லண்டனில் இசைப் பதிப்பகமான பூசி நிறுவனத்துக்கு வந்தது. ஆசிரியர் அயலார், வெளியீட்டின்போது பிரிட்டனில் இல்லை, ஆகவே அவரிடம் விற்க உரிமையே இருக்கவில்லை என்று 1854இல், அன்று உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை சொன்னது. வழக்கறிஞர்கள் உடனே இதைத் தலைகீழாகப் படித்தார்கள். அப்படியானால் வெளியீட்டு நாளில் ஆசிரியர் பிரிட்டிஷ் மண்ணில் நின்றால்? அமெரிக்க நாவலாசிரியை மரியா கம்மின்ஸ் 1864இல் தன் நூல் லண்டனில் வெளியான சமயத்தில் கனடாவின் மான்ட்ரியலில் போய்த் தங்கினார். 1868இல் பிரபுக்கள் சபை அதை ஏற்றது. பிரிட்டிஷ் ஆட்சிக்குட்பட்ட எந்த இடமானாலும் சரி, எத்தனை நாளானாலும் சரி, முதல் வெளியீடு மட்டும் பிரிட்டனில் நடந்திருக்க வேண்டும். அன்றிலிருந்து அமெரிக்க எழுத்தாளருக்கான வழிமுறை தெளிவாயிற்று. லண்டன் பதிப்பாளரோடு தேதி முடிவு செய். அந்தத் தேதிக்கு முன்பே ரயிலேறி எல்லை தாண்டு. விடுதியில் அறை எடுத்து அங்கே இருந்ததற்குச் சான்று வைத்துக்கொள். அமெரிக்கப் பதிப்பு லண்டன் பதிப்புக்கு முன்னால் வராமல் பார்த்துக்கொள்.

மார்க் ட்வைன் இதை அனுபவப்பட்டுக் கற்றவர். டாம் சாயர் நாவலின் லண்டன் பதிப்பு 1876 ஜூனில் சாட்டோ அண்ட் விண்டஸ் பதிப்பகத்திடமிருந்து வந்தது. சந்தா முறையில் விற்கும் அவருடைய ஹார்ட்ஃபோர்ட் பதிப்பகம் மெதுவாக வேலை செய்து டிசம்பரில்தான் அமெரிக்கப் பதிப்பைக் கொண்டுவந்தது. நடுவே ஜூலையில் கனடாவின் டொரோன்டோ நகரப் பதிப்பாளர்களான பெல்ஃபோர்ட் சகோதரர்கள் லண்டன் பதிப்பைப் பார்த்து மலிவுப் பதிப்புப் போட்டு, அஞ்சலில் எல்லை தாண்டி அனுப்பிவிட்டார்கள். ஆசிரியரின் சொந்தப் பதிப்பு வருவதற்குள் அவர் நாட்டிலேயே கள்ளப்படி மலிவாகக் கிடைத்தது. அடி வாங்கிய ட்வைன் 1881இல் அடுத்த நாவலுக்கு மான்ட்ரியல் போய்த் தங்கினார். பிரிட்டிஷ் உரிமைக் காப்பு நிலைத்தது. ஆனால் கனடாவின் உள்ளூர்ச் சட்டம் கேட்டது நிரந்தர இருப்பிடம், விடுதி அறையை அதற்கு ஏற்க மாட்டோம் என்று அங்கே மறுத்துவிட்டார்கள்.

கனடாக்காரர்கள் பக்கமும் கொஞ்சம் நியாயம் உண்டு. லண்டன் நூல் அவர்களுக்கு எட்டாத விலை. பக்கத்திலேயே அமெரிக்க மறு அச்சு மலிவாகக் கிடக்கிறது, அதை இறக்குமதி செய்வதோ குற்றம். 1847இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் ஒரு சமரசம் செய்தது. குடியேற்ற நாடுகள் அந்த மறு அச்சுகளை இறக்குமதி செய்துகொள்ளலாம், சுங்கத்தில் ஆசிரியருக்காக ஒரு தீர்வை வசூலித்து லண்டனுக்கு அனுப்ப வேண்டும். கனடாவில் அது 12.5 சதவீதம். காகிதத்தில் அழகான ஏற்பாடு. நடைமுறையில், எந்தப் புத்தகம் பிரிட்டிஷ் உரிமையுள்ளது என்று ஒவ்வொரு கட்டையும் பிரித்துப் பார்த்துத் தொலைதூரத்து எழுத்தாளனுக்காக வசூல் செய்ய எல்லைச் சுங்கச் சாவடிக்காரருக்கு என்ன அக்கறை? ஆசிரியர்களுக்கு வந்து சேர்ந்தது சில்லறைதான். இதில் இன்னொரு அநியாயம் ஒளிந்திருந்தது. அமெரிக்க மறு அச்சைக் கனடாவில் விற்கலாம், ஆனால் கனடாக்காரர் அதே நூலை அங்கே அச்சிட முடியாது. அவர்கள் ஆத்திரப்பட்டதில் வியப்பில்லை.

நாடகத்துக்கு விதிகள் வேறு. பிரிட்டிஷ் எல்லைக்கு வெளியே முதலில் மேடையேறிய நாடகத்துக்கு, ஒப்பந்தம் இருந்தாலொழிய, அங்கே காப்பு இல்லை என்பது 1844ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதி. நாடகாசிரியர் டியான் பூசிகால்ட் தன் நாடகத்தை நியூயார்க்கில் முதலில் போட்டதால் லண்டனில் உரிமை இழந்தார். அமெரிக்காவிலோ, ஓபராவின் இசைக் குறிப்பை அச்சிட்டு விற்றால் யார் வேண்டுமானாலும் எடுத்து நடத்தலாம். அச்சிடாமல் கைப்பிரதியாகவே வைத்திருந்தால் பொதுச் சட்டப்படி ஓரளவு காப்பு. லண்டனின் ஓபரா இரட்டையர் கில்பர்ட்டும் சல்லிவனும் 1878இல் போட்ட கடற்படை ஓபரா அமெரிக்காவில் பல குழுக்களின் கையில் சிக்கிச் சின்னாபின்னமானதால், அடுத்த ஓபராவை 1879 டிசம்பர் 31 அன்று நியூயார்க்கிலேயே தொடங்கினார்கள். அதற்கு முந்தைய நாள் பிற்பகலில் இங்கிலாந்தின் பெயின்டன் என்ற சிற்றூரில் ஒரே ஒரு காட்சி நடந்தது. நடிகர்கள் பழைய ஓபராவின் உடையிலேயே தலையில் கைக்குட்டை கட்டிக்கொண்டு, வசனத்தைக் கையில் வைத்துப் படித்துப் பாடினார்கள். ரசிகனுக்காக அல்ல, சட்டத்துக்காக நடந்த கச்சேரி அது. நியூயார்க்கிலோ சுரக் குறிப்புகளைப் பூட்டி வைத்துக் காத்தார்கள்.

பிரிட்டனுக்கு அமெரிக்கா வாய்த்தது போல, ஐரோப்பாவில் பிரான்சுக்கு வாய்த்தது பெல்ஜியம். பிரஸ்ஸல்ஸ் அச்சகங்கள் பாரிஸ் நாவல்களை உடனுக்குடன் போட்டன. பாரிஸ் நாளிதழில் தொடராக வந்துகொண்டிருந்ததை வெட்டிக் கோத்து, பாரிஸில் நூலாக வருவதற்கு முன்பே பிரஸ்ஸல்ஸில் நூலாக்கியதும் உண்டு. இதற்கு விலையாலேயே பதில் சொன்னவர் பதிப்பாளர் ஷார்பான்டியே. பெரிய தாளில் அகன்ற ஓரத்தோடு 7.50 பிராங்குக்கு விற்றதை, 1838இல் சிறிய அளவில் நெருக்கிக் கோத்து 3.50 பிராங்குக்குக் கொண்டுவந்தார். கள்ளப்பதிப்புக்கு மருந்து பல சமயம் இப்படித்தான் இருக்கிறது. பிறகு 1852 மார்ச் 28 அன்று பிரெஞ்சு அதிபர் லூயி நெப்போலியன் ஒரு விசித்திரமான ஆணை பிறப்பித்தார். எங்கே வெளியான நூலானாலும் பிரான்சில் அதை மறு அச்சிடுவது குற்றம், அந்த நாடு எங்களுக்கு அதையே செய்கிறதா என்று கேட்க மாட்டோம். கைம்மாறு கேட்காமல் முதலில் கொடுத்துவிட்டுப் பிறகு பேச்சுவார்த்தைக்கு உட்கார்வது பலன் தந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் பெல்ஜியம் ஒப்பந்தம் போட்டது.

ஆனால் இரு நாட்டு ஒப்பந்தங்கள் என்றாலே தலைவலி. 1851இல் பிரிட்டனும் பிரான்சும் போட்டதை எடுத்துக்கொள்ளுங்கள். பிரெஞ்சு நூலுக்கு லண்டனில் காப்பு வேண்டுமா? வெளியான மூன்று மாதத்துக்குள் லண்டனில் நூல்களைப் பதியும் இடமான ஸ்டேஷனர்ஸ் ஹாலில் பதிய வேண்டும், படி ஒப்படைக்க வேண்டும். மொழிபெயர்ப்பு உரிமை வேண்டுமா? தலைப்புப் பக்கத்திலேயே உரிமை ஒதுக்கியதாக அச்சிட்டிருக்க வேண்டும். அனுமதி பெற்ற மொழிபெயர்ப்பின் ஒரு பகுதியாவது ஓராண்டுக்குள்ளும், முழுதும் மூன்று ஆண்டுக்குள்ளும் வர வேண்டும். அதன் பிறகு கிடைப்பது ஐந்தே ஆண்டு. நாடகமானால் மொழிபெயர்ப்பு மூன்று மாதத்துக்குள் வந்தாக வேண்டும், அப்படியே வந்தாலும் 'நேர்மையான தழுவல்' குற்றமல்ல என்று ஒரு வரி. பாரிஸ் நாடகங்களை ஊர் பேர் மாற்றி லண்டன் மேடையேற்றியவர்களுக்கு அந்த ஒரு வரி போதும். 1875வரை அது நீடித்தது. இப்படி ஒவ்வொரு நாட்டோடும் ஒவ்வொரு விதி, ஒவ்வொரு கெடு. ஒரு தேதி தவறினால் அந்த நாடு கைவிட்டுப் போயிற்று.

இதற்கிடையே ஜெர்மனியின் லைப்சிக் நகரத்துப் பதிப்பாளர் டௌக்னிட்ஸ் ஒரு விதிவிலக்கு. 1841இல் ஆங்கில நூல்களை ஆங்கிலத்திலேயே மறு அச்சிடும் வரிசையைத் தொடங்கி, சட்டம் கட்டாயப்படுத்தாதபோதே 1843 முதல் ஆசிரியர்களைக் கேட்டுப் பணம் கொடுத்தே வெளியிட்டார்.

எல்லா நாட்டுக்கும் ஒரே ஒப்பந்தம் என்ற எண்ணம் 1858இல் பிரஸ்ஸல்ஸ் மாநாட்டிலேயே பேசப்பட்டது. 1878இல் பாரிஸ் கண்காட்சியையொட்டிக் கூடிய எழுத்தாளர் மாநாட்டில் பிரெஞ்சு எழுத்தாளர் விக்டர் யூகோ தலைமையில் பன்னாட்டு எழுத்தாளர் சங்கம் பிறந்தது. யூகோவின் உரைகளை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது 1882இல் ரோமில் ஜெர்மன் புத்தக வியாபாரிகள் சங்கத்தின் பிரதிநிதி பவுல் ஷ்மிட் சொன்ன யோசனை. கடிதங்களுக்காகப் பன்னாட்டு அஞ்சல் ஒன்றியம் இருக்கிறதல்லவா, அதே மாதிரி புத்தகத்துக்கும் ஒன்று வைப்போம் என்றார். உணர்ச்சி கொதிக்கும் கூட்டத்தில் வியாபாரி ஒருவர் சொன்ன இந்த நிர்வாக யோசனைதான் நிலைத்தது. அஞ்சல் ஒன்றியம் இருந்த அதே பெர்ன் நகரில் சுவிஸ் அரசு மாநாடுகளைக் கூட்டியது. 1886 செப்டம்பர் 9 அன்று பத்து நாடுகள் கையெழுத்திட்டன: பெல்ஜியம், பிரான்ஸ், ஜெர்மனி, பிரிட்டன், ஹெயிட்டி, இத்தாலி, லைபீரியா, ஸ்பெயின், சுவிட்சர்லாந்து, துனிசியா. 1887 டிசம்பர் 5 முதல் அமலுக்கு வந்தது. அமெரிக்கா பார்வையாளராக வந்து பார்த்துவிட்டுப் போனது.

பெர்ன் ஒப்பந்தத்தின் அடிப்படை எளிது. ஒன்றியத்தின் ஒரு நாட்டில் வெளியான நூலுக்கு மற்ற நாடுகள் தங்கள் குடிமக்களின் நூலுக்குத் தரும் அதே காப்பைத் தர வேண்டும். பதிவு, ஒப்படைப்பு எல்லாம் பிறந்த நாட்டில் ஒருமுறை செய்தால் போதும். ஆனால் 1886ஆம் ஆண்டு வாசகத்தில் ஓட்டைகள் நிறைய. மொழிபெயர்ப்பு உரிமை பத்தே ஆண்டு. செய்திகளுக்கும் அரசியல் விவாதங்களுக்கும் காப்பே இல்லை. இயந்திர இசைக் கருவிகளில் ஒரு பாட்டைப் பதித்து விற்பது மீறல் ஆகாது என்று தனியாக ஒரு குறிப்பு. இசைப்பெட்டி செய்வது சுவிஸ் நாட்டின் பெரிய தொழில், மாநாட்டைக் கூட்டியதும் அவர்கள்தான்! பதிவு முதலிய சடங்குகளை அறவே நீக்கியதும், மொழிபெயர்ப்புக்கு முழுக் கால உரிமை கொடுத்ததும் 1908இல் பெர்லின் திருத்தத்தில்தான்.

இதில் இந்தியாவும் இருந்தது, கேட்காமலேயே. பிரிட்டன் தன் எல்லாக் குடியேற்றங்களையும் சேர்த்துக்கொண்டு கையெழுத்திட்டது. அதுவரை இருந்த நிலை ஒருவழிப் பாதை. லண்டனில் வெளியான நூலுக்கு 1842ஆம் ஆண்டுப் பிரிட்டிஷ் சட்டப்படி சென்னையிலும் கல்கத்தாவிலும் காப்பு உண்டு. சென்னையில் முதலில் வெளியான நூலுக்குக் கம்பெனி ஆட்சியின் 1847ஆம் ஆண்டுச் சட்டப்படி உள்ளூர்க் காப்பு மட்டும், லண்டனில் ஒன்றுமில்லை. பெர்னில் சேர்வதற்காகப் பிரிட்டன் 1886இல் இயற்றிய சட்டம்தான் இந்த வேறுபாட்டை நீக்கியது. மொழிபெயர்ப்பு விஷயத்தில் இந்திய நீதிமன்றங்கள் அமெரிக்க நீதிபதி கிரியர் போலவே யோசித்தன. லண்டன் மாக்மில்லன் நிறுவனம் தன் ஆங்கிலப் பாடநூலின் மொழிபெயர்ப்பை எதிர்த்துப் போட்ட வழக்கில், 1847ஆம் ஆண்டுச் சட்டப்படி மொழிபெயர்ப்பு மீறல் ஆகாது என்று 1895இல் பம்பாய் உயர் நீதிமன்றம் சொன்னது. 1914ஆம் ஆண்டு இந்தியச் சட்டமும், இந்தியாவில் முதலில் வெளியான நூலுக்கு மொழிபெயர்ப்பு உரிமை பத்து ஆண்டுதான், அதற்குள் ஆசிரியர் மொழிபெயர்ப்பு வெளியிட்டால் அந்த மொழிக்கு மட்டும் நீளும் என்று வைத்தது. இத்தனை மொழிகள் உள்ள நாட்டில் அந்த விதியைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

அமெரிக்காவை மாற்றியது பெர்ன் அல்ல, பத்து சென்ட் நாவல். 1875 முதல் சிகாகோவில் லேக்சைட், 1877 முதல் நியூயார்க்கில் ஜார்ஜ் மன்ரோவின் சீசைட் என்று மலிவு வரிசைகள் கிளம்பின. பெரிய தாள், இரண்டு மூன்று பத்தி, பொடி எழுத்து, அட்டை கிடையாது, முழு நாவல் பத்து சென்ட் அல்லது இருபது சென்ட். எண் போட்டு வாரப் பத்திரிகை போல வெளியிட்டதால் அஞ்சலில் இரண்டாம் வகுப்புக் கட்டணம்: பவுண்டு எடைக்கு 2 சென்ட், 1885 முதல் 1 சென்ட். தொழில் மரியாதையை இவர்கள் மதிக்கவில்லை. வட்டத்துக்குள் இருப்பவரைத்தான் மரியாதை கட்டுப்படுத்தும், வெளியிலிருந்து வருபவனை எது கட்டுப்படுத்தும்? முன்தாளுக்கு நூற்றுக்கணக்கில் பவுண்டு கொடுத்த ஹார்ப்பரும் தாங்களே ஒரு பத்து சென்ட் வரிசை தொடங்க வேண்டியதாயிற்று. இன்னொரு பக்கம், ராயல்டி கொடுத்து ஒரு டாலருக்கு மேல் விற்க வேண்டிய அமெரிக்க நாவல், பத்து சென்ட் ஆங்கில நாவலோடு போட்டியிட முடியாமல் நின்றது. ஐம்பது ஆண்டுகளாகச் சட்டம் வேண்டாம் என்றவர்களே இப்போது சட்டம் வேண்டும் என்றார்கள்.

மிச்சமிருந்த எதிர்ப்பு அச்சுத் தொழிலாளர் சங்கங்களுடையது. அவர்கள் கேட்ட விலை ஒன்றே: எழுத்து இங்கே கோக்க வேண்டும். அதை எழுதிச் சேர்த்த பிறகுதான் மசோதா நகர்ந்தது. 1890 மேயில் கீழவையில் தோற்று, டிசம்பரில் 139க்கு 95 என்று வென்று, செனட்டில் இழுபறியாகி, கூட்டத் தொடரின் கடைசி இரவில், 1891 மார்ச் 3ஆம் தேதிக் கணக்கில் அதிபர் பெஞ்சமின் ஹாரிசன் கையெழுத்திட்டார். ஜூலை 1 முதல் அமல்.

இனி ஓர் ஆங்கில எழுத்தாளர் செய்ய வேண்டியது இது. நூல் முடிந்ததும் புரூஃபில் ஒரு செட் கப்பலில் நியூயார்க் போக வேண்டும். அங்கே ஒரு பதிப்பாளர் முன்கூட்டியே கிடைத்திருக்க வேண்டும். அவர் அந்நாட்டிலேயே எழுத்துக் கோக்க வேண்டும் அல்லது அப்படிக் கோத்ததிலிருந்து அச்சுத் தகடு எடுக்க வேண்டும். அச்சிட்ட தலைப்பைப் பதிவு செய்ய அயலாருக்கு 1 டாலர். அந்தப் பதிப்பில் இரண்டு படிகள், உலகில் எங்கே வெளியாகும் நாளானாலும் அந்த நாளோ அதற்கு முன்போ, காங்கிரஸ் நூலகத்தில் ஒப்படைத்தாக வேண்டும் அல்லது அமெரிக்காவுக்குள் அஞ்சலில் சேர்த்தாக வேண்டும். லண்டனில் முந்தி வெளியிட்டால் அமெரிக்க உரிமை போயிற்று, நியூயார்க்கில் முந்தினால் பிரிட்டிஷ் உரிமைக்கு ஆபத்து. ஆகவே இரண்டு ஊரும் ஒரே நாள், உறுதி செய்ய தந்தி. நியூயார்க் அச்சகத்தில் ஒரு வாரம் தாமதமானால் லண்டன் வெளியீடும் ஒரு வாரம் தள்ளிப்போகும். வாரத் தொடராக வரும் நாவலுக்கு இதே கவனம் இதழுக்கு இதழ் வேண்டும்.

பேர் பெற்றவருக்கு இது முடிந்தது. முதல் நாவல் எழுதியவருக்கு, விற்குமா என்று தெரிவதற்கு முன்பே எழுத்துக் கோக்க எந்த நியூயார்க் பதிப்பாளர் முதலிடுவார்? விற்ற பிறகு வந்து கேட்பார்கள், அப்போது உரிமை காலாவதி. பிரெஞ்சு, ஜெர்மன் எழுத்தாளர்களுக்கு இன்னும் மோசம். மூல நூலின் பிரெஞ்சு வாசகத்தையே அமெரிக்காவில் கோத்து அதே நாளில் ஒப்படைத்தால்தான் மொழிபெயர்ப்பு உரிமையும் நிலைக்கும். யார் செய்வார்கள்? பெரும்பாலும் யாரும் செய்யவில்லை. 1905இல் அயல்மொழி நூலுக்கு, வெளியான 30 நாளுக்குள் ஒரு படி ஒப்படைத்தால் 12 மாத அவகாசம் கொடுத்தார்கள். 1909இல் அயல்மொழி மூலத்தை எழுத்துக் கோக்கும் விதியிலிருந்தே விடுவித்தார்கள். ஆனால் ஆங்கில நூலுக்கு விதி இறுகியது. எழுத்துக் கோப்பதோடு அச்சடிப்பதும் பைண்டிங்கும் அங்கேயே நடக்க வேண்டும் என்றானது. இந்த விதியை வைத்துக்கொண்டு பெர்னில் சேர முடியாது. பல திருத்தங்களில் தேய்ந்து தேய்ந்து 1986 ஜூலை 1இல் அது காலாவதியானது. அமெரிக்கா பெர்னில் சேர்ந்தது 1989 மார்ச் 1இல். ஈய எழுத்துக் கோக்கும் கம்பாசிட்டர்கள் அதற்குள் அமெரிக்க அச்சகங்களில் ஏறக்குறைய இல்லாமலே போயிருந்தார்கள்.